இரண்டு மஞ்சள் பூக்கள்

"எனக்கு ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க. அவங்க என் அம்மாதானான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

எல்வுட் பிர்ச்சம் தைத்துக்கொண்டிருந்த கடிவாளத்தைக் கீழே வைத்தார். வந்தவளுக்கு ஐம்பது வயதை நெருங்கும். நகரத்துக் காலணி, நகரத்துக் கோட்டு. முகம் மட்டும் எங்கள் பூர்வகுடி முகம். பெயர் கோரா என்றாள். சாக்ரமெண்டோவில் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த வெர்னா வாசலிலேயே நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஏதாவது புதிர் கிடைத்தால் வெர்னாவுக்குச் சோறு தண்ணீர் இறங்காது.

நெவாடாவில் எங்கள் பள்ளத்தாக்கில் போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் எல்வுட். காணாமல் போன மாடு, காணாமல் போன கணவன் என்று ஜனங்கள் இன்னும் அவரிடம்தான் வருவார்கள். வெர்னா அவருடைய மனைவியின் அண்ணன் மகள். மனைவி இறந்த பிறகு அவள் பெயரை அவர் சொன்னதே இல்லை. "உன் அத்தை" என்பார், அவ்வளவுதான். இறந்தவர்களின் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை.

"உட்காருங்க" என்றார் எல்வுட். "வெர்னா, காப்பி ஊத்து. அம்மா யாருன்னு சொல்றாங்க?"

"ஹெட்டி. ஓடைக்கரை ஹெட்டி."

எல்வுட்டுக்குத் தெரியும். ஹெட்டியைத் தெரியாதவர் இங்கே இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் அரசாங்கக் குதிரை வண்டி ஒன்று வந்து இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு சிறு பெண்களைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஒருத்தி ஹெட்டியின் மகள். இன்னொருத்தி செலினா என்பவளின் மகள். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. பிறகு பள்ளிக்கூடம் எரிந்து, அங்கிருந்த காகிதங்களும் எரிந்து போயின.

"என்னோட வந்தவ அங்கேயே செத்துட்டா. அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் கோரா. "ஆனா நான் ரெண்டு பேர்ல யாருன்னு தெரியல. அஞ்சு வயசு. நம்ம பாஷை பேசினா அடிச்சாங்க. பேரு மறந்துபோச்சு, பாஷை மறந்துபோச்சு. பத்து வயசுல அங்கிருந்தே நகரத்துல ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க. போன வருஷம் கண்காட்சிக்குக் குதிரைங்களோட லோரன் வந்திருந்தாரு. ஹெட்டியம்மாவோட மகன். எந்த ஊருன்னு கேட்டேன், என் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், 'நீ எங்கக்காதான்'னு சொல்லி அழுதாரு."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

"ஞாயித்துக்கிழமை விருந்து வெச்சு, காணாமப் போன மகளோட பேரை எனக்குத் திருப்பிக் கொடுக்கப் போறாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. ஹெட்டியம்மா என் தலையை வாரி விடுறாங்க சார். இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்கு ஒருத்தங்க தலை வாரி விடுறாங்க. எனக்கு அது வேணும். ஆனா அது என்னோடதா இருக்கணும்."

எல்வுட் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "மத்தவங்க சொன்னது வேண்டாம். உங்களுக்கே ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார்.

"ஒரு பூ. மஞ்சப் பூ. என்னைவிட உசரமான தண்டுல கொத்துக் கொத்தா இருக்கும். அதை மூஞ்சியில தேய்ச்சுக்குவேன், பூனை மீசை பட்ட மாதிரி கூசும். அம்மா அந்தச் செடியோட இலையைப் பானையில போட்டு வேக வெப்பாங்க. ஒரு தடவை நான் கரண்டியை விட்டேன். கையில பட்டுன்னு ஒரு அடி. அந்தத் தண்ணிய அப்படியே தூரக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி மறுபடி வேக வெச்சாங்க. அம்மா முகம் ஞாபகம் இல்லை சார். அந்த அடிதான் ஞாபகம் இருக்கு."

"ஹெட்டியக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"பூவைச் சொன்னேன். 'ஆமா, நம்ம ஓடைக்கரையில அந்தப் பூதான்'னாங்க. அடியைச் சொல்லல. அதை யார்கிட்டயும் கொடுக்க மனசு வரல."

"நல்லது. அதை இன்னும் கொஞ்சம் உங்ககிட்டயே வெச்சிருங்க" என்றார் எல்வுட்.

மறுநாள் அவர்கள் எல்லாரும் ஹெட்டியின் பழைய கூடாரம் இருந்த ஓடைக்கரைக்குப் போனார்கள். ஹெட்டி குள்ளமானவள், உருண்டையானவள், வாய் ஓயாதவள். கோராவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். நிமிஷத்துக்கொரு தரம் மகளின் பழைய பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டாள். பின்னால் லோரன் தொப்பியை முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தான். நாற்பது வயது, பண்ணையில் குதிரை பழக்குகிறவன்.

"மாமா, பூவை வெச்சு அம்மாவைக் கண்டுபிடிக்கிற போலீஸை நான் இப்பதான் பார்க்கிறேன். அப்ப என் குதிரை யாருக்குப் பொறந்ததுன்னும் பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

"உன் குதிரையைப் பார்த்தாலே தெரியுதுடா, கழுதைக்குப் பொறந்தது" என்றார் எல்வுட்.

ஓடையை ஒட்டிய பாதையோரம் மஞ்சள் பூக்கள் இடுப்பளவு நின்றன. வெர்னா ஓடிப்போய் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "மாமா! மஞ்சப் பூ, நீளத் தண்டு, கொத்துக் கொத்தா! முடிஞ்சுது வழக்கு!"

கோரா அந்தப் பூவை வாங்கிப் பார்த்தாள். "சின்ன வயசுல எல்லாமே பெருசாத் தெரியும்ல" என்றாள். யாரையோ சமாதானப்படுத்துகிற குரல்.

எல்வுட் ஒரு பூவை நகத்தால் பிளந்தார். "இதழ் நாலு, சிலுவை மாதிரி. உள்ளே மகரந்தக் கம்பி ஆறு, அதுல நாலு நெட்டை, ரெண்டு குட்டை. கடுகுக் குடும்பம்தான்." அதைக் கோராவின் கன்னத்தில் மெல்லத் தொட்டார். "கூசுதா?"

அவள் கையிலிருந்த பூவை வெர்னாவிடமே திருப்பிக் கொடுத்தாள். எல்வுட் செடியைத் தூர எறிந்தார். "இது ரயிலோட வந்த செடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், ஹெட்டியின் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தக் காலத்துல இங்க கீரையை எப்படிச் சமைப்பீங்க?"

"கீரைக்கு என்னடா பெரிய சமையல்? மான் எலும்போட போட்டுக் கொதிக்க விட்டா சூப்பு. முதல் கிண்ணம் இவளுக்குத்தான். ஆறவே விடமாட்டா! மொண்டு குடிச்சிட்டு நாக்கைச் சுட்டுக்கிட்டு அதோ அந்தப் பாறை வரைக்கும் குதிச்சுக்கிட்டே ஓடுவா." ஹெட்டி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கோராவும் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை எல்வுட் கவனித்தார்.

திரும்பும்போது அவர் லோரனோடு சேர்ந்து நடந்தார். "ஞாயித்துக்கிழமை என்ன பேருடா கொடுக்கப் போறீங்க?"

"அம்மா சொல்லிட்டே இருக்காங்களே."

"நீ சொல்லு."

"எனக்கு அதெல்லாம் வாயில நுழையாது மாமா."

வெர்னா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ பாவம், வாயில நுழையாதாம்! குதிரைக்கெல்லாம் நம்ம பாஷையில முழ நீளத்துக்குப் பேரு வெக்கிற ஆளு!"

லோரன் சிரிக்கவில்லை. தொப்பியை இழுத்து அழுத்திக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

அன்று பிற்பகல் எல்வுட் கோராவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, உப்புத் தரையைச் சுற்றித் தெற்கே வண்டியை விடும்படி வெர்னாவிடம் சொன்னார். வண்டி சேஜ் என்னும் பாலைவனப் புதர்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போயிற்று. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் அந்தப் புதர்களின் காரமான வாசனை வண்டிக்குள் நிறைந்திருந்தது. கோரா கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டே வந்தாள். "இந்த வாசனை வந்தா எனக்குப் பசிக்கும். ஏன்னு தெரியாது" என்றாள்.

புதர்கள் மெலிந்து, சாம்பல் நிறக் களிமண் குன்றுகள் தொடங்கின. அந்த மண்ணில் மாட்டை யாரும் மேய விடுவதில்லை. மேய்ந்தால் கண் மங்கி, கால் தடுமாறிச் சாகும். ஒரு திருப்பத்தில் வெர்னா தானாகவே வண்டியை நிறுத்தினாள்.

வெறும் சாம்பல் சரிவில் மஞ்சள் கதிர்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. பத்தடிக்கு ஒன்றாக, யாரோ விளக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போனது போல. மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்தச் செடியை இளவரசன் இறகு என்பார்கள்.

கோரா இறங்கினாள். நகரத்துக் காலணி களிமண்ணில் புதைந்தது. அவள் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து போய், ஒரு கதிரை வளைத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவதை இருவரும் பார்த்தார்கள்.

வெர்னா மூக்கை உறிஞ்சினாள். "மாமா, அங்கயும் மஞ்சப் பூ, இங்கயும் மஞ்சப் பூ. நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

"பிளந்து பாரு."

அவள் ஒரு பூவைப் பறித்துப் பார்த்தாள். "இதழ் நாலு. கம்பி ஆறு. அட, எல்லாமே நெட்டை! இதழைத் தாண்டி வெளியில நீட்டிக்கிட்டு இருக்கு."

"அதுதான் பூனை மீசை. ஓடைக்கரைப் பூவுல மீசை கிடையாது, கன்னத்துல பட்டாலும் தெரியாது. இன்னும் பாரு. கீழ்த்தண்டைக் கிள்ளு."

"கட்டையா இருக்கு. போன வருஷத்துக் காய்ஞ்ச தண்டும் பக்கத்துலயே நிக்குது."

"வருஷா வருஷம் அதே இடத்துல முளைக்கும். காய் பாரு, ஒவ்வொண்ணும் தனியா ஒரு காம்புல தொங்குது. ஓடைக்கரைச் செடி ஒரு வருஷத்துப் பயிர். காய்ஞ்சதும் அடியில ஒடிஞ்சு உருண்டு போயிடும். அது இந்த ஊருச் செடியே இல்லை. நான் பட்டாளத்துலேருந்து திரும்பி வந்தப்பதான் ரயில் பாதையோரம் முதல்ல பார்த்தேன். கோரா சின்னப் பொண்ணா இருந்தப்ப ஓடைக்கரையில அது கிடையாது."

"அந்த அடி?"

"இந்த மண்ணுல விஷம் இருக்கு. அதை வேர்ல இழுத்து இலையில வெச்சிருக்கும் இந்தச் செடி. முதல் தண்ணியக் கொட்டாம தின்னா வயித்தைப் புரட்டும். குழந்தை அந்தத் தண்ணிய மொள்ளப் போனா எந்த அம்மாவும் அடிப்பா." எல்வுட் சரிவின் அடியில் வட்டமாகக் கிடந்த கற்களைக் காட்டினார். ஒரு காலத்தில் கூடாரத்தின் ஓரத்தை அழுத்தியிருந்த கற்கள். "இந்தப் பள்ளத்தாக்குல இந்தச் செடி இங்க மட்டும்தான். இங்க கூடாரம் போட்டிருந்தது ஒரே குடும்பம்."

கோரா திரும்பி வந்து நின்றாள். கன்னத்தில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. "செலினா" என்றாள். "உயிரோட இருக்காங்களா?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம், மகன் வீட்டுல. போன இலையுதிர் காலத்துல பார்த்தேன்."

அவள் குனிந்து காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "ஹெட்டியம்மாகிட்ட இதை யாரு சொல்றது?" என்றாள்.

சனிக்கிழமை ஹெட்டியின் சமையலறையில் மாவு பிசைந்து ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார்கள். பைன் கொட்டை அரைத்த மணம். மேஜை மேல் கோராவுக்காகத் தைத்த புது உடுப்பு மடித்து வைத்திருந்தது. எல்வுட் வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் கோரா. வெர்னா கதவோரம். லோரன் விறகை இறக்கிவிட்டு வெளியே போகப் பார்த்தான்.

"உட்காரு லோரன். நீ இல்லாம இதைச் சொல்ல முடியாது."

எல்வுட் மெதுவாகச் சொன்னார். பூவைப் பற்றி, முதல் தண்ணீரைப் பற்றி, அடியைப் பற்றி. ஹெட்டி ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னதுல ஒரு சொல்லும் பொய் இல்லை. உங்க மக சூப்பை மொண்டு குடிச்சா, நாக்கைச் சுட்டுக்கிட்டா. இவங்க சொன்னதும் பொய் இல்லை. இவங்க கரண்டியை விட்டப்ப அடி வாங்கினாங்க. ரெண்டும் நிஜம். ஆனா ஒரே குழந்தைக்கு ரெண்டும் நடந்திருக்க முடியாது."

எண்ணெயில் ரொட்டி கருகியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"ஞாபகம் தப்பா இருக்கலாம்ல?" என்றாள் ஹெட்டி. "அஞ்சு வயசுக் குழந்தைக்கு என்னடா தெரியும்?"

"இருக்கலாம்னுதான் நானும் நினைச்சேன். பூ மட்டும்னா விட்டிருப்பேன்." எல்வுட் லோரனைப் பார்த்தார். "உங்க வீட்டுல ஒருத்தன் அக்கா பேரைச் சொல்லமாட்டேங்கிறான். நாளைக்கு ஊரைக் கூட்டிக் கொடுக்கப்போற பேரை வாயால சொல்லமாட்டேங்கிறான். நாம யாரு பேரைச் சொல்லமாட்டோம், லோரன்?"

லோரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையும் அதே ஸ்கூலுக்குத்தான் கொண்டு போனாங்க" என்றான் கடைசியில். "சமையல்கட்டுக்குப் பின்னாடி செத்த பிள்ளைங்களைப் புதைச்ச இடத்துல சிலுவைங்க இருக்கும். ஸ்கூல்ல வெச்ச பேரைத்தான் போட்டிருப்பாங்க. ஒரு பெரிய பொண்ணு கூட்டிட்டுப் போய்க் காட்டினா, 'இது ஓடைக்கரைப் பொண்ணு, உங்கக்கா'ன்னு. லீவுக்கு வந்தேன். வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே நீ கேட்டேம்மா, 'அக்காவைப் பார்த்தியா'ன்னு. பெரிய ஸ்கூல், பொண்ணுங்க வேற பக்கம்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லி..."

"இவங்க யாருன்னு உனக்குத் தெரியும்" என்றார் எல்வுட்.

"தெரியும். செலினாவுக்கு மூணு பசங்க, பேரப்பிள்ளைங்க. எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன். பஸ் வர்ற சத்தம் கேட்டா இன்னும் எழுந்து வாசலுக்குப் போறாங்க மாமா. நான் என்ன செய்வேன்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள் கோரா. கோபமாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "எங்கம்மா கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேத்து அவங்க செத்திருந்தா?"



ஹெட்டி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். கையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கோராவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"செத்தப்ப நீ அவ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன். ஒரே கட்டில்ல படுத்திருந்தோம்."

"எப்படி இருந்தா? அழுதுக்கிட்டே இருந்தாளா?"

"இல்லைம்மா. நான்தான் அழுவேன். அவ என்னைச் சிரிக்க வெப்பா. எங்களை அடிக்கிற வாத்தியாரு வாத்து மாதிரி நடப்பாரு. போர்வையைப் போத்திக்கிட்டு அதே மாதிரி நடந்து காட்டுவா. ஒரு நாள் அவரு பின்னாடியே நின்னாரு, அது தெரியாம நடந்தா."

ஹெட்டியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் வெர்னா நினைத்தாள். அது சிரிப்பு. "ஆமா" என்றாள் ஹெட்டி. "ஆமா, அப்படித்தான் இருப்பா. எங்க மாமியார் நடக்கிறதையும் நடந்து காட்டுவா. வலிச்சுதா அவளுக்கு?"

"இருமல். கடைசியில தூங்கிட்டே இருந்தா. என் கையைப் பிடிச்சிருந்தா. காலையில ஸ்கூல்காரங்கதான் வந்து விரலைப் பிரிச்சு விட்டாங்க."

"எந்தக் கை?"

கோரா வலது கையை நீட்டினாள். ஹெட்டி அதை இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே சாயங்கால வெயில் முற்றத்தை விட்டுப் போகும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கோரா சொல்லிக்கொண்டே இருந்தாள். மகளின் பெயரை ஹெட்டி அதன்பின் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மறுநாள் விருந்து நடக்கவில்லை. வந்த உறவுக்காரர்களை எல்வுட் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். கணவாய்க்குப் புறப்பட வெர்னா வண்டியைக் கிளப்பியபோது, ஹெட்டி ரொட்டியையும் பீச் பழ டப்பாக்களையும் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க எதுக்கு அக்கா? வேண்டாம், கஷ்டமா இருக்கும்" என்றார் எல்வுட்.

"இவ தனியாப் போய் நின்னா செலினா நம்பமாட்டா. நகரத்துப் பொம்பளை யாரோ வந்து நிக்கிறான்னு கதவைச் சாத்துவா. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தினதைப் பார்த்தவ நான். நான் சொன்னா நம்புவா." பிறகு திண்டாடி நின்ற மகனைப் பார்த்து, முதல் முறையாகப் பேசினாள். "நீதான் ஓட்டணும். அவ முன்னாடி வந்து நில்லு. அவ என்ன சொன்னாலும் வாங்கிக்க."

கணவாயைத் தாண்டி இறங்கும்போது மதியம். செலினா வீட்டுக்குப் பின்னால் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நெட்டையான கிழவி. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எல்வுட்டைத் தெரிந்தது. ஹெட்டியைத் தெரிந்தது. லோரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

ஹெட்டி கோராவின் கையைப் பிடித்துச் சோள வரிசை ஓரம்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறக்குமுன்பே செலினா ஒரு பெயரைச் சொன்னாள். உரக்கக்கூட இல்லை. இருட்டுகிற நேரத்தில் விளையாடப் போன பிள்ளையை உள்ளே வரச் சொல்கிற குரல்.

கோராவுக்கு அந்தப் பெயர் தெரியாது. நேற்றுவரை கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் கால்கள் ஹெட்டியின் கையை விட்டு முன்னால் போயின.

செலினா அவளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வாய்க்கால் நிறைந்து தண்ணீர் பாதையில் வழிந்தது. யாரும் அதை அடைக்கப் போகவில்லை. பிறகு செலினா மகளின் தோளுக்கு மேலாகத் தலையை நிமிர்த்தி, மூட்டையோடு நின்ற ஹெட்டியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். வண்டிக்குள் இன்னொருத்தி இருக்கிறாளா என்று பார்த்தாள்.

"ஹெட்டி," என்றாள், "உன் பொண்ணு எங்க?"

ஹெட்டி தலையை மட்டும் அசைத்தாள்.

செலினா ஒரு கையால் மகளைப் பிடித்தபடியே மறு கையை நீட்டினாள். ஹெட்டி ஈர மண்ணில் இறங்கி அவளிடம் நடந்தாள்.